முட்டைகளைக் கழுவியவன் நான்

பிப்ரவரித் திங்கள் ஒன்பதாம் நாள், பயிர்ப் பாதுகாப்பு ஆய்வு நிலையத்தின் ஆண்டறிக்கை வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதன் முப்பத்தேழாம் பக்கத்தில், பதினொன்றாம் வரியில், 'வளர்ப்பறைப் பணியாளரின் கவனக்குறைவால் நாவாய்ப்பூச்சி வளர்ப்பு பெருஞ்சேதம் அடைந்தது' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்தப் பணியாளர் என் மனைவி. சேதத்தைச் செய்தவன் நான். இதுவே என் குறை. அத்தொடரில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. முப்பத்து நான்கு ஆண்டுகள் மொழியாசிரியனாக இருந்தவன், தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பிழை முழுவதும் பொருளில் இருக்கிறது.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

என் மனைவி அந்நிலையத்தில் பூச்சி வளர்ப்பவள். இதைக் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பயிரைக் கெடுக்கும் பூச்சியைச் சம்பளம் கொடுத்து வளர்ப்பார்களா என்பார்கள். வளர்ப்பார்கள். பச்சை நாவாய்ப்பூச்சி என்பது பயற்றங்காய்க்குள் ஊசி போன்ற வாயைச் செருகிச் சாற்றை உறிஞ்சுவது. அதன் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் குளவி ஒன்று உண்டு, கடுகைவிடச் சிறியது. அக்குளவியைப் பெருக்கி உழவர்களுக்குக் கொடுக்க வேண்டுமானால் நாவாய்ப்பூச்சியின் முட்டை வேண்டும்; முட்டை வேண்டுமானால் பூச்சி வேண்டும். அந்தப் பூச்சிக் குடும்பத்தைப் பதினோர் ஆண்டுகளாக அறுந்துபோகாமல் காத்து வந்தவள் அவள். நிலையத்தில் எல்லாருக்கும் அவள் பூச்சியம்மா. என் மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் வல்லினம். இவ்விரு பெயர்களும் ஒரு கூரையின்கீழ் முப்பத்தோர் ஆண்டுகள் சேதமின்றிக் குடும்பம் நடத்தியிருக்கின்றன.

சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் வளர்ப்பறையின் குளிரூட்டி நின்றுபோயிற்று. பழுது பார்க்க மூன்று நாளாகும் என்றார்கள். அறை சூடேறினால் பூச்சிகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். நிலையத் தலைவர் தொலைபேசியில் அவளிடம், "எங்கயாவது குளிர்ச்சியா வச்சுக் காப்பாத்துங்கம்மா" என்று சொன்னார். அவள் அறிந்த குளிர்ச்சியான இடம் என் படிப்பறை. வடக்குப் பார்த்த சன்னல், தடித்த சுவர், நண்பகலிலும் விளக்கு வேண்டும்.

"என்னங்க, மேசையைக் கொஞ்சம் காலி பண்ணுங்க. விருந்தாளி வராங்க" என்றாள்.

"எத்தனை பேர்?"

"ஒரு ஆயிரத்து இருநூறு."

வலைமூடி போட்ட பன்னிரண்டு பெட்டிகள் வந்து இறங்கின. என் அகராதிகள் தரைக்குப் போயின. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கொத்துப் பீன்ஸ், நனைந்த பஞ்சு, முட்டையிடுவதற்குத் தொங்கவிட்ட துணிப்பட்டைகள். பச்சைநிறக் கேடயங்களைப் போன்ற பூச்சிகள் அவற்றின்மேல் அவசரமில்லாமல் நடந்தன.

"நாத்தம் வருமா?" என்று கேட்டேன்.

"நீங்க அதட்டினா வரும். சும்மா விட்டா அதுகளும் சும்மா இருக்கும். உங்க பசங்க மாதிரிதான்."

மறுநாள் காலையில் அவள் நிலையத்துக்குப் போய் வளர்ப்பறைச் சுவர்களைத் துடைக்க வேண்டியிருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே எனக்குக் கட்டளையிட்டாள்.

"பீன்ஸை மட்டும் மாத்துங்க. முட்டையைத் தொடாதீங்க. புரிஞ்சுதா?"

"முப்பத்து நாலு வருஷமா நான் அடுத்தவங்களைக் கேட்ட கேள்வி அது."

"அதான் திருப்பிக் கேக்கிறேன். புரிஞ்சுதா?"

புரிந்தது என்றேன். பத்து மணிக்குள் பன்னிரண்டு பெட்டிகளுக்கும் பீன்ஸ் மாற்றிவிட்டேன். அத்துடன் நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய தேவை வந்திராது. உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து முட்டைகளைப் பார்த்தேன்.

அவை அழகாக இருந்தன என்பதை மறுக்க மாட்டேன். சின்னஞ்சிறு பீப்பாய்களை வரிசை பிசகாமல் நெருக்கி அடுக்கினாற்போல, ஒரு பட்டையில் அறுபது எழுபது முட்டைகள். எந்த மாணவனின் ஏட்டிலும் நான் அப்படியொரு வரிசையைக் கண்டதில்லை. ஆனால் அவற்றின்மேல் ஏதோ பூசியிருந்தது. மஞ்சளும் பழுப்புமாய், காய்ந்த பசைபோல, ஒழுங்கற்ற கோடுகள். ஒன்றில் இரண்டில் இல்லை, எல்லாவற்றிலும்.

அதைப் பார்த்தபோது எனக்கு அருவருப்புத் தோன்றவில்லை, வருத்தந்தான் தோன்றியது. ஏனென்றால், அந்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே அவள் கண்பார்வை குறைந்து வருகிறதோ என்று எனக்குள் ஓர் ஐயம். ஊசியில் நூலைக் கோக்க என்னைக் கூப்பிட்டாள். மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னாள். ஒருநாள் மாடிப்படியில் கிடந்த பையைப் பார்த்துப் பூனை என்று 'சூ' போட்டாள். பெட்டிகளை அவ்வளவு தூய்மையாக வைத்திருப்பவளின் முட்டைகளில் இத்தனை அழுக்கு எப்படிச் சேர்ந்தது? அவளுக்குத் தெரியவில்லை. அதாவது, அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எவ்வளவு கூசிப்போவாள்! ஓய்வுபெற இன்னும் இரண்டு ஆண்டுகள்கூட இல்லாத நேரத்தில், "பூச்சியம்மாவுக்குக் கண் போய்விட்டது" என்று அந்த நடைக்கூடத்தில் எவனோ ஒருவன் சொல்லிச் சிரிப்பதை நான் அப்போதே கேட்டேன்.

அவள் பெட்டிகளைக் கழுவும் பிளீச்சிங் கரைசல் சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. எவ்வளவு தண்ணீர் கலக்க வேண்டும் என்று அவளே குப்பியின்மேல் எழுதி ஒட்டியிருந்தாள். நான் அதைவிடவும் நீர்க்கக் கலந்தேன். பட்டை பட்டையாக எடுத்து, ஐந்து நிமிடம் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் வரிசை வரிசையாகத் துடைத்து, நல்ல நீரில் மும்முறை அலசி, நிழலில் உலர்த்தித் திரும்ப அந்தந்தப் பெட்டியிலேயே தொங்கவிட்டேன். பதினொரு பெட்டிகள், நாற்பத்தொரு பட்டைகள். ஒரு முட்டைகூட உதிரவில்லை. பன்னிரண்டாம் பெட்டிக்குள் கையை விட்டபோது அங்கிருந்த பெண்பூச்சி ஒன்று என் விரலில் நாற்றத்தைப் பீச்சிவிட்டது. மூன்று முறை சோப்புப் போட்டும் அது போகவில்லை. அதற்குள் வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால், ஏன் கழுவினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பூச்சிகள் நிலையத்துக்குத் திரும்பின. முட்டைகள் பொரிந்தன. முதல் வாரம் குறையில்லை. அடுத்த வாரத்திலிருந்து அவள் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவைக்கத் தொடங்கினாள்.

"குஞ்சு நிக்க மாட்டேங்குதுங்க. தோல் உரிக்கிற நேரத்துல அப்படியே சுருண்டு விழுது. பீன்ஸ் அதே பீன்ஸ்தான். தண்ணி அதே தண்ணி. என் கைதான் மாறிடுச்சு போல."

"உன் கைக்கு என்ன?"

"தெரியல. எங்கயோ தப்பு விடறேன்."

அப்போதும் நான் நினைத்தது வேறு. அழுக்கு முன்னமே முட்டைக்குள் இறங்கிவிட்டது, நான் கழுவியது காலங்கடந்த செயல் என்று நினைத்தேன். இன்னும் ஒருநாள் முந்திக் கழுவியிருக்கக் கூடாதா என்று என்னையே நொந்துகொண்டேன். அறியாமைக்கு ஓர் எல்லை இருக்கும் என்று மாணவர்களிடம் சொல்லி வந்திருக்கிறேன். அது தவறு.

பிழைத்த சில பூச்சிகளும் வெளிறி, பாதியளவே வளர்ந்து, பெயருக்கு ஆறேழு முட்டைகளை இட்டன. நிலையத் தலைவர் அவளை அழைத்தார். இந்நிலை நீடித்தால் வளர்ப்பறையை மூட வேண்டிவரும், அவளை நூற்றெண்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள விதைக் கிடங்குக்கு மாற்ற வேண்டிவரும் என்றார். அவள் யாரிடமும் சொல்லாமல் கண் மருத்துவரிடம் போய்வந்தாள். பெட்டிகளின் மேலிருந்த எண்களைக் கொட்டை எழுத்தில் புதிதாக எழுதி ஒட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தாள்.

"இதுல பிழை இருந்தாத் திருத்திக் குடுங்க. நாளைக்குக் குடுக்கணும்."

விதைக் கிடங்குக்குத் தன்னை மாற்றிவிடும்படி அவளே எழுதிய விண்ணப்பம் அது. 'என் கவனக்குறைவே காரணம் என்று கருதுகிறேன். எனக்குப்பின் வருபவர் இவ்வறையை நன்றாக நடத்தக்கூடும்' என்று எழுதியிருந்தாள். பழக்கத்தால் சிவப்புப் பேனாவைத் திறந்துகொண்டு படித்தேன். கடைசி வரி இது: 'பன்னிரண்டாம் பெட்டியில் உள்ளவை மட்டும் முன்போலவே நலமாக இருக்கின்றன. அதன் காரணம் எனக்கு விளங்கவில்லை.'

எனக்கு விளங்கிவிட்டது. பன்னிரண்டாம் பெட்டி பிழைத்ததை அவள் அதுவரை என்னிடம் சொன்னதில்லை. அந்தப் பெட்டியிலும் அதே அழுக்கு இருந்தது. நான் கைவைக்காத ஒரே பெட்டி அதுதான்.

"இதைக் கொடுக்காதே" என்றேன்.

"ஏன், அவ்வளவு பிழையா?"

"பிழை இல்லை. பொய் இருக்கு. முட்டையைக் கழுவினது நான்."

"எந்த முட்டையை?"

"உன் முட்டையை. பதினோரு பெட்டி. பிளீச்சிங் கலந்த தண்ணியில."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "எதுக்குங்க?"

"அழுக்கா இருந்தது. உனக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு நினைச்சேன். சொன்னா நீ மனசு உடைஞ்சு போயிடுவியேன்னு..."

"ஆக, என் கண்ணு போச்சுன்னு நீங்களே முடிவு பண்ணீங்க. நீங்களே இரக்கப்பட்டீங்க. நீங்களே கழுவினீங்க. நீங்களே மறைச்சீங்க. நான் பாட்டுக்கு கண் டாக்டர்கிட்ட போய் ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிட்டிருந்தேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு அவர் சொல்லியும் நம்பாம இன்னொருத்தர்கிட்டயும் போனேன்."

"படிக்கட்டுல பையைப் பார்த்துப் பூனைன்னு..."

"அது விளையாட்டுக்குங்க! நீங்க சிரிக்கிறீங்களான்னு பாத்தேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டீங்க."

அன்று பொழுது சாயும் நேரத்தில் நான் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"பன்னிரண்டாவதை ஏன் கழுவல?"

"ஒண்ணு என் விரல்ல பீச்சிடுச்சு. கை கழுவப் போனேன். நீ வந்துட்ட."

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். "பதினோரு பெட்டில ஒருத்திக்கும் அந்தப் புத்தி வரல பாருங்க" என்றாள். பிறகு என் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்துவிட்டு, என் ஈரக்கையைத் தன் சேலைத் தலைப்பில் துடைத்தபடியே பேசினாள்.

"முட்டை வச்சு முடிச்சதும் தாய்ப்பூச்சி உடனே போக மாட்டா. பின்பக்கத்தை அந்த முட்டை மேல வச்சு இப்படியும் அப்படியும் தேய்ச்சுட்டுத்தான் போவா. பதினோரு வருஷமாப் பாக்கிறேன். சும்மா பண்ண மாட்டான்னு தெரியும், எதுக்குன்னுதான் தெரியாது. குஞ்சும் அப்படித்தான். பொரிஞ்சதும் பீன்ஸ் பக்கம் போகாது. அந்த வெறும் ஓட்டு மேலயே கூட்டமா உக்காந்து அதையே சப்பிக்கிட்டுக் கிடக்கும். அப்ப நீங்க துடைச்சது அழுக்கு இல்ல."

மறுநாள் என்னையும் நிலையத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே பூச்சிகளின் குடலை ஆராயும் இளம் பெண் ஒருவர் இருக்கிறார். என் மனைவி அவரை டாக்டர் என்பாள், அவர் இவளை அக்கா என்பார். நான் நின்றுகொண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ குறிப்பேட்டைத் திறந்தார்.

"எவ்வளவு நேரம் ஊற வச்சீங்க சார்?"

"ஐந்து நிமிடம். கடிகாரம் பார்த்து. பிறகு மூன்று முறை நல்ல தண்ணீர்."

"அக்கா, சோதனைன்னு சொல்லி நாங்க பண்ணியிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமாப் பண்ணியிருக்க மாட்டோம்."

அது பாராட்டா, பரிகாசமா என்பதை இன்றுவரை நான் தீர்மானிக்கவில்லை. அவர் பன்னிரண்டாம் பெட்டியிலிருந்து ஒரு பூச்சியையும் கழுவிய பெட்டியிலிருந்து ஒரு பூச்சியையும் எடுத்து, குடலைப் பிரித்து, நுண்ணோக்கியின்கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். முதலாவதன் குடலில் ஒரு பகுதி சோளக்கதிர்போல் இருந்தது: நான்கு வரிசைகளில் நெருக்கமாகச் சிறு சிறு பைகள், ஒவ்வொன்றிலும் பாக்டீரியா நிறைந்து கொழுத்துக் கிடந்தது. மற்றதில் அந்த இடம் கண்ணாடிக் குழாய்போல் மெலிந்து வெறுமையாகத் தெரிந்தது.

"காய்ச்சாறுல இல்லாத சத்தை இதுதான் பூச்சிக்கு ஆக்கிக் குடுக்குதுன்னு நினைக்கிறோம்" என்றார். "குஞ்சு பொறக்கும்போது குடல் வெறுமையாத்தான் இருக்கும். அம்மா தடவி வச்சுட்டுப் போனதை எடுத்துக்கிட்டாத்தான் உண்டு. பக்கத்து இனங்கள்ல பாத்திருக்காங்க. நம்ம பூச்சியிலயும் அப்படித்தானான்னு உறுதி பண்ணணும்."

நான் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றேன். கைகழுவுதலின் மேன்மையைப் பற்றி ஆண்டுதோறும் கட்டுரை எழுதவைத்தவன் நான். பயிருக்குப் பகையென்று எல்லாரும் வையும் ஒரு பூச்சி, தன் பிள்ளைகளைக் கண்ணாலும் காணாமல் போகப்போகிறது. போகுமுன் அவற்றுக்குத் தேவையானதைத் தன் உடம்பிலிருந்தே எடுத்துப் பூசிவிட்டுப் போகிறது. அதை நான் தூரிகையால் வரிசை வரிசையாகத் துடைத்து எடுத்திருக்கிறேன்.

உறுதி செய்யும் வேலையை என் மனைவியின் கையில்தான் கொடுத்தார்கள். வெளிறிய தாய்கள் இட்ட கொஞ்சநஞ்ச முட்டைகளை அவள் இரு பங்காகப் பிரித்தாள். பன்னிரண்டாம் பெட்டியில் பொரிந்து கிடந்த ஓடுகளை ஒரு துளி நீரில் நனைத்து, அந்நீரை நுனித்தூரிகையால் ஒரு பங்கின்மேல் மட்டும் தொட்டுவைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு அவள் அதைச் செய்தபோது நான் பக்கத்தில் நின்றேன். அறுபது முட்டைகளில் ஒன்றைக்கூட அவள் தவறவிடவில்லை. அந்தக் கண்களையா நான் ஐயப்பட்டேன்!

பதினெட்டு நாளில் விடை தெரிந்தது. தொட்டுவைத்த பங்கு பச்சைப் பசேலென்று வளர்ந்து நின்றது. தொடாத பங்கு சுருண்டது. பன்னிரண்டாம் பெட்டியின் பிள்ளைகளைக் கொண்டு மற்றப் பதினொன்றையும் அவள் நிரப்பினாள். அக்டோபர் முடிவதற்குள் உழவர்களுக்கு மறுபடியும் குளவி போகத் தொடங்கிற்று.

மகிழ்ச்சியில் அவளுக்கு ஒரு முள்ளும் இருந்தது. முட்டையின்மேற் பூச்சைக் கெடுத்தாலே பூச்சி நலிந்துபோகும் என்றால், வயலிலும் அதைச் செய்ய வழியுண்டா என்று டாக்டர் இப்போது ஆராய்கிறார்.

"பதினோரு வருஷம் வளர்த்துட்டு, எங்க தட்டினா விழும்னு நானே காட்டிக் குடுத்துட்டேன்" என்றாள் ஒருநாள்.

"காட்டிக் கொடுத்தது நான்" என்றேன்.

"எல்லாத்துலயும் பங்குக்கு வந்துடுங்க."

இத்தனைக்கும் பிறகு வந்ததுதான் அந்த அறிக்கை. நாற்பத்தொன்றாம் பக்கத்தில், நாவாய்ப்பூச்சிக்கும் அதன் குடல் பாக்டீரியாவுக்கும் உள்ள உறவை இந்நிலையம் கண்டறிந்தது என்று பெருமை பேசுகிறார்கள். முப்பத்தேழாம் பக்கத்தில் என் மனைவியின் கவனக்குறைவு என்கிறார்கள். அத்தொடரைச் சான்றாக வைத்து, வளர்ப்பறைக்கு வேறொருவரை அமர்த்தி, மிச்சமிருக்கும் பதினான்கு மாதங்களுக்கு அவளை விதைக் கிடங்குக்கு அனுப்பும் முன்மொழிவும் இணைப்பில் இருக்கிறது. ஒப்புதல் வாக்குமூலத்தை நான்கு பக்கங்களில் எழுதிக்கொண்டு தலைவரைப் பார்க்கப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். ஆனா பெட்டி வெளிய போனதாப் பதிவேட்டுல இல்லையே."

"மூன்று நாள் என் மேசைமேல் இருந்தது."

"அப்படின்னா அனுமதி இல்லாம வீட்டுக்குக் கொண்டு போனதாகும். இப்ப அவங்க மேல ஒரு குறிப்பு இருக்கு. அது ரெண்டாயிடும். பரவாயில்லையா?"

"எங்கேயாவது குளிர்ச்சியாக வைக்கச் சொன்னவர் நீங்கள்."

"வாயால சொன்னேன் சார். எழுத்துல இல்ல."

எழுத்தில் இல்லாததால் நடந்தது நடவாததாகிவிடுமா? வீட்டுக்கு வந்து கொதித்தேன். அவள் பீன்ஸின் நார் உரித்துக்கொண்டே, "விடுங்க. உங்களோட மல்லுக்கு நின்னு பழகினவளுக்கு விதை மூட்டையா பெரிசு?" என்றாள். பிறகு, "புதுசா வர்றவங்க பட்டையைத் துடைக்காம இருந்தாப் போதும்" என்றாள். அப்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, பீன்ஸையும் பார்க்கவில்லை.

வரைவறிக்கையின்மேல் எவர் வேண்டுமானாலும் மறுப்புரை எழுதலாம் என்று அதன் முதற்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். கடைசி நாள் இம்மாதம் இருபத்தெட்டு. வந்த மறுப்புரைகள் அனைத்தையும் அறிக்கையோடு சேர்த்து அச்சிட்டாக வேண்டும் என்பது அவர்கள் விதி. என் மறுப்புரை போய்விட்டது. அச்சிட்டாலும், கணவன் எழுதியது என்று அதை ஒதுக்குவார்கள். ஆகவே இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள், இப்போதே ஒரு தாளை எடுங்கள். முப்பத்தேழாம் பக்கம், பதினொன்றாம் வரி என்று தலைப்பிட்டு எழுதுங்கள்: 'பெட்டிகளை வெளியே கொண்டுபோகச் சொன்னவர் தலைவர். முட்டைகளைக் கழுவியவர் பணியாளரின் கணவர். பூச்சிகளைப் பிழைக்கவைத்தவர் பணியாளர். அவரை அந்த அறையிலேயே இருக்க விடுங்கள்.' கையெழுத்திட்டு, இருபத்தெட்டாம் நாளுக்குள் நிலையத்துக்கு அனுப்புங்கள்.